ஓட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை

பட்டறை வாசல்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, புதுப் பொருள் ஒன்றை உருவாக்கும்போது டிசைன், டை போன்ற கருவிகளைச் செய்யும் டூல் ரூம், உற்பத்தி, கொள்முதல், சப்ளையர் எல்லோரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து வேலை பார்ப்பதற்குக் கான்கரன்ட் இன்ஜினியரிங் என்று பெயர் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் பாதி சண்டைக் கடிதங்கள். பெயரைப் போட யாருக்கும் விருப்பமில்லை. காரணம் புரிகிறது, ஊரையும் வேலையையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: டிசைனில் இரண்டு வருடமாக இருக்கிறேன். டிராயிங் முழுதாக முடிந்து கையெழுத்தாகும் வரை யாருக்கும் காட்டக்கூடாது என்கிறார் என் மேனேஜர். ரிலீஸ் ஆனதும் டூல் ரூமிலிருந்து, “முன்னாடியே கேட்டிருக்கலாமே” என்று திட்டு விழுகிறது. யார் சொல்வது சரி? (டிசைன் இன்ஜினியர், ஓசூர்)

பதில்: டூல் ரூம் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் மேனேஜரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எங்கோ சூடு பட்டவர். அரைகுறை டிராயிங்கைக் காட்டி, பிறகு ஒரு அளவை மாற்றி, “நீங்கதானே அன்னைக்கு ஆறு மில்லின்னு சொன்னீங்க” என்று நாலு பேர் முன்னால் கேட்க வைத்திருப்பார்கள். அதிலிருந்து மனிதர் வாயைத் திறப்பதில்லை.

நானும் அப்படி இருந்தவன்தான். டிப்ளமோ முடித்து 1983இல் அம்பத்தூரில் டிராயிங் போர்டு முன்னால் உட்கார்ந்தேன். பத்து வருடம் கழித்து, வேறொரு கம்பெனியில், இருசக்கர வாகனத்துக்கு ஒரு அலுமினிய கவர் டிசைன் செய்தேன். பிரஷர் டை காஸ்டிங்கில் வர வேண்டியது. சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். அதன் பக்கச் சுவரில் ஆறு மில்லி விட்டத்தில் ஒரு ஓட்டை. டிராயிங்கை என் மேஜையிலேயே வைத்துப் பதினோரு தடவை திருத்தினேன். வெளியாள் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பெருமையாக ஐந்து கையெழுத்தோடு ரிலீஸ் செய்தேன்.

டை காஸ்டிங் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். டை என்பது இரண்டு பாதி. மூடும், உருகிய அலுமினியம் உள்ளே பாயும், திறக்கும், காஸ்டிங் விழும். டை திறக்கும் திசையிலேயே ஓட்டை இருந்தால் பிரச்சினை இல்லை. ஓட்டை வர வேண்டிய இடத்தில் ஒரு கோர் பின் வைத்தால் தானாக உருவிக்கொண்டு வந்துவிடும். பக்கவாட்டில் ஓட்டை இருந்தால், டை திறப்பதற்குள் அந்தப் பின்னைத் தனியாகப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அதற்கு ஸ்லைடு. ஸ்லைடு வந்தால் டையின் விலை ஏறும், நகரும் பாகம் கூடும். நகரும் பாகத்துக்கு இடைவெளி வேண்டும், அந்த இடைவெளிக்குள் அலுமினியம் காகிதம் போலப் புகுந்து உறையும்.

அதுதான் நடந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு மூன்று தடவை ஸ்லைடு இறுகும். ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு, பித்தளைக் கம்பியால் அந்தப் பிசிறைக் குத்திக் குத்தி எடுப்பார். டை சூட்டில் முகம் சிவந்துபோகும். இது இரண்டு வருடம் ஓடியது. எனக்குத் தெரியாது, நான் அடுத்த பிராஜெக்டில் இருந்தேன்.

ஒருநாள் கேன்டீனில் டூல் ரூம் ஃபோர்மேன் எதிரில் வந்து உட்கார்ந்தார். டீயை ஊதிக்கொண்டே, “தம்பி, அந்தக் கவர்ல பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கே, அது எதுக்கு?” என்றார்.

“ஒயர் கிளிப் மாட்டறதுக்குண்ணே.”

“அந்தக் கிளிப்பு அங்கதான் இருக்கணுமா?”

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். இருபது மில்லி தள்ளி, முன்பக்கத்தில், டை திறக்கும் திசையிலேயே போட்டிருக்கலாம். ஒயர் கொஞ்சம் வளைந்து போயிருக்கும், அவ்வளவுதான். ஸ்லைடே தேவையில்லை. அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

“அன்னைக்கே கேட்டிருக்கலாமேண்ணே” என்றேன், உங்கள் டூல் ரூம் உங்களிடம் சொல்கிற அதே வசனத்தைத் திருப்பி. அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுதத்தான் இவ்வளவு நீட்டினேன். “அஞ்சு கையெழுத்தோட வந்துச்சு தம்பி. கையெழுத்து போட்ட டிராயிங்கை எதுக்குன்னு கேக்கக்கூடாது. எப்படின்னுதான் கேக்கணும்.”

ஆகவே தம்பி, பென்சிலில் இருக்கும்போதே காட்டுங்கள். ஆனால் உங்கள் மேனேஜருடைய பயத்துக்கும் ஒரு வழி செய்துவிட்டுக் காட்டுங்கள். எங்கள் வழி இது: எந்த அளவு இனி மாறாதோ அதைப் பச்சைப் பென்சிலால் வட்டமிடுவோம், இன்னும் ஆடிக்கொண்டிருப்பதைச் சிவப்பால். சிவப்பு அளவை நம்பி யாராவது வேலை செய்து கெட்டால் அது டிசைன் குற்றமில்லை. பச்சையை மாற்றினால் டிசைன்காரன் டூல் ரூமுக்கு நேரில் போய் நின்று சொல்ல வேண்டும், மெயிலில் சொல்லக்கூடாது. இந்த இரண்டாவது விதிதான் எங்களைத் திருத்தியது. பச்சை வட்டம் போடக் கை நடுங்கும்.

இப்படி அரைகுறையாகக் கொடுத்தால் டூல் ரூம் என்ன செய்யும்? நிறைய செய்யும். டை ஸ்டீல் பிளாக் வாங்கவே வாரக்கணக்கில் ஆகும். மொத்த அளவு பச்சையில் இருந்தால் பிளாக்குக்கு ஆர்டர் போட்டுவிடலாம். வெளி வடிவம் பச்சையானால் சுற்றிலும் ஐந்து மில்லி விட்டு ரஃப் மில்லிங் செய்துவிடலாம். கடைசி அளவு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஹார்வர்டில் கிம் கிளார்க்கும் தகாஹிரோ ஃபுஜிமோட்டோவும் 1980களில் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பாவின் 20 கார் கம்பெனிகளில் 29 திட்டங்களை ஆராய்ந்தார்கள். காரின் வெளித் தகடுகளை அழுத்தி எடுக்கும் பாடி பேனல் டை செய்ய ஜப்பானியர்களுக்குச் சுமார் 14 மாதம், அமெரிக்கர்களுக்குச் சுமார் 25 மாதம். ஜப்பானியர்களின் மெஷின் மட்டும் வேகமாக ஓடி வந்த வித்தியாசமில்லை இது. பாடி டிசைன் தொடங்கும்போதே டைக்காரன் பிளாக்கை வாங்கி ரஃப் வெட்ட ஆரம்பித்துவிடுவான். டிசைன் எந்தப் பக்கம் போகிறது என்று அவனுக்குத் தினமும் தெரியும். கார் முழுவதற்குமே அவர்களுக்குச் சராசரி 46 மாதம், மற்றவர்களுக்குச் சுமார் 60.

கேள்வி: கான்கரன்ட் இன்ஜினியரிங்குக்குத் தமிழில் என்ன சொல்வது? (ஆசிரியர், விருதுநகர்)

பதில்: ‘உடனிகழ் பொறியியல்’ என்று சொல்லலாம், பாடநூலுக்கு அழகாக இருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் “அவங்க போடும்போதே நாமும் பார்க்கிறது” என்போம். அதற்கு நேர் எதிரானதற்கு எங்களிடம் நல்ல பெயர் உண்டு: சுவர் தாண்டி எறிவது. டிசைன் சுவருக்கு இந்தப் பக்கம், உற்பத்தி அந்தப் பக்கம். டிராயிங் பறந்து வந்து தலையில் விழும்.

கேள்வி: மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இதன் நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து என்று நோட்ஸில் இருக்கிறது. உண்மையில் இதை யார், எங்கே செய்தார்கள்? (மாணவி, சேலம்)

பதில்: நல்ல கேள்வி அம்மா. நோட்ஸில் உள்ளதை எழுதி மார்க் வாங்கிவிடுங்கள், அப்புறம் இதைப் படியுங்கள்.

பெயர் பரவியது அமெரிக்க ராணுவத்துக்காக. ஆயுதத் தளவாடங்கள் வருடக்கணக்கில் தாமதமாகி, செலவு எகிறிக்கொண்டிருந்த காலம். ஐ.டி.ஏ. என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1988இல் ஓர் அறிக்கை கொடுத்தது. பொருளையும், அதைச் செய்யும் முறையையும், பிற்காலப் பராமரிப்பையும் ஒரே நேரத்தில் சேர்த்து வடிவமைப்பது என்று அதில் விளக்கம் சொன்னார்கள். நீங்கள் மனப்பாடம் செய்யும் வரையறை அதிலிருந்து இறங்கி வந்ததுதான்.

ஆனால் பெயர் வருவதற்கு முன்பே காரியம் நடந்துவிட்டது. ஃபோர்டு கம்பெனி 1980களின் தொடக்கத்தில் பெரிய நஷ்டத்தில் இருந்தது. லூயிஸ் வெரால்டி என்பவர் தலைமையில் ‘டீம் டாரஸ்’ என்று ஒரு குழு அமைத்தார்கள். டிசைன், உற்பத்தி, விற்பனை, சப்ளையர் எல்லோரும் அதில் உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்களைக்கூடக் கேட்டார்கள், இடித்த காரைச் சரிசெய்யும் செலவு எப்படிக் குறையும் என்று. அசெம்பிளி லைன் தொழிலாளிகளிடம் போய்க் கேட்டார்கள். கதவுப் பக்க பாடி பல துண்டுகளாக இருப்பதால் கதவு பொருந்த மாட்டேன் என்கிறது என்றார்கள் அவர்கள். துண்டுகள் குறைக்கப்பட்டன. 1985 டிசம்பரில் டாரஸ் வந்தது, நன்றாக விற்றது.

பெரிய உதாரணம் போயிங் 777. விமானத்தையே கம்ப்யூட்டரில், கேட்டியா மென்பொருளில் வரைந்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த 238 குழுக்கள். டிசைன்காரரும் தயாரிப்புக்காரரும் ஒரே குழு. ஒரு பாகத்தை வரையும் அறையிலேயே அதைச் செய்யப்போகிறவரும் இருந்தார். யுனைடெட், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ், ஜப்பான் ஏர்லைன்ஸ் உட்பட எட்டு விமானக் கம்பெனிகளைத் தொடக்கத்திலேயே அழைத்து உட்கார வைத்தார்கள். வாங்கப்போகிறவன் டிசைன் மேஜையில் உட்காருவது போயிங்குக்கே புதுப் பழக்கம். முதல் விமானம் 1994 ஜூன் 12 அன்று பறந்தது. அந்தத் திட்டத்தின் முழக்கமே ‘ஒர்க்கிங் டுகெதர்’, சேர்ந்து வேலை செய்வது. அந்த முதல் விமானத்தின் நேர்க்கோட்டுப் பிசகு 0.023 அங்குலம், அதாவது அரை மில்லியைவிடக் கொஞ்சம் அதிகம். பொதுவாக விமான பாகங்கள் அரை அங்குலப் பிசகுக்குள் பொருந்தினாலே போதும் என்று இருந்த காலம் அது.

டொயோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. ப்ரியஸ் காரை உருவாக்கியபோது தலைமைப் பொறியாளர் தகேஷி உச்சியமதா ஒரு பெரிய அறையைப் பிடித்து, எல்லாத் துறை ஆட்களையும் அதில் கொண்டுவந்து, திட்டத்தின் நிலவரத்தை அதன் சுவர்களிலேயே ஒட்டிவைத்தார். ‘ஓபேயா’ என்பார்கள், ஜப்பானிய மொழியில் ‘பெரிய அறை’, அவ்வளவுதான் அர்த்தம். 1997 டிசம்பரில் ப்ரியஸ் கடைக்கு வந்தது. இன்று அந்த வார்த்தையை வைத்து நம் ஊரிலும் வகுப்பு எடுக்கிறார்கள். போய்ப் பார்த்தால் அறை இருக்கிறது, சுவர் நிறையக் காகிதம் இருக்கிறது. ஆள் இல்லை, ஏசி ஓடுகிறது.

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் பம்பு கம்பெனி வைத்திருக்கிறேனுங்க. இதெல்லாம் போயிங்குக்கு ஆகும், நமக்கு எதுக்குங்க? கன்சல்டன்ட் ஒருவர் பல லட்சத்துக்கு சாப்ட்வேர் வாங்கச் சொல்கிறார். (பம்பு உற்பத்தியாளர், கோவை)

பதில்: சாப்ட்வேர் வாங்க வேண்டாங்க. உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு பெஞ்சும் நாலு டீயும்.

உங்கள் தொழிலில் ஒரு மோனோபிளாக் பம்பு உருவாக எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது பாருங்கள். மணலில் அச்சுப் பதிக்கும் பேட்டர்னை ஒருவர் செய்கிறார், ஃபவுண்டரி இன்னொருவருடையது, மெஷினிங் உங்களுடையது அல்லது ஜாப் ஒர்க், ஸ்டாம்பிங் வெளியிலிருந்து, வைண்டிங் வேறு ஆள். போயிங் குழுக்களிலாவது நிறையப் பேர் ஒரே கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தவர்கள். உங்களுக்குச் சுவர் அதிகம். அதனால் உங்களுக்குத்தான் இது அதிகம் வேண்டும்.

கோவையில் ஒரு தெரிந்தவரின் பட்டறையில் நான் பார்த்தது. புது மாடல் பம்பு கேசிங். பேட்டர்ன் மணலிலிருந்து உருவ வேண்டும் என்பதற்காக வெளிச்சுவர் முழுக்க டேப்பர். கேசிங் லேத்துக்கு வந்தது. பாகத்தைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் தாடை சரிவான சுவரைப் பிடிக்கிறது. எப்படி நிற்கும்? கொஞ்சம் ஃபீடு கொடுத்தாலும் நழுவுகிறது. லேத்காரர் பயந்துகொண்டு மெதுவாகவே ஓட்டுகிறார். முகப்பில் அதிர்வுத் தடம், சாட்டர், விழுந்து அலை அலையாக இருக்கிறது. தாடைக்கு அடியில் பித்தளைத் துண்டை ஆப்பு மாதிரி சொருகி ஓட்டினார்கள். துண்டு பறந்து சுவரில் அடித்தது. யார் காலையாவது பதம் பார்த்திருக்கும்.

தேவைப்பட்டது என்ன? வெளிச்சுவரில் மூன்று இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன சமதளப் புடைப்பு, லக். தாடைக்குப் பிடிமானம். பேட்டர்ன் மரத்தில் இருக்கும்போது சொல்லியிருந்தால் ஆசாரி மூன்று மரத்துண்டை ஒட்டி அரை நாளில் முடித்திருப்பார். ஆனால் அதற்குள் மரப் பேட்டர்னை வைத்து அலுமினியத்தில் மேட்ச் பிளேட், அதாவது நிரந்தரப் பேட்டர்ன் தட்டு, போட்டாகிவிட்டது. அதைத் திருத்த இரண்டு வாரம், கையில் இருந்த ஐந்நூறு காஸ்டிங்கும் பழைய மாதிரியே.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், பேட்டர்ன் ஆசாரியின் பட்டறையும் லேத் பட்டறையும் ஒரே தெருவில். ஒருவரை ஒருவர் தினமும் பேக்கரியில் பார்க்கிறார்கள். ஆனால் தான் என்ன செய்கிறோம் என்று மற்றவரிடம் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

அதனால் அடுத்த மாடலுக்குப் பேட்டர்ன் செய்யும் முன், ஆசாரி, ஃபவுண்டரியின் மோல்டர், உங்கள் லேத்காரர், அசெம்பிளியில் மூத்த ஆள், இந்த நாலு பேரையும் கூப்பிடுங்கள். ஃபவுண்டரி முதலாளி வேண்டாம், மணலில் கை வைக்கும் மோல்டர் வேண்டும். பக்கத்திலேயே பழைய மாடல் காஸ்டிங் ஒன்றை வைத்து, “இதுல உங்களுக்கு எது தொல்லை?” என்று மட்டும் கேளுங்கள். புது மாடலைக் காட்டிக் கருத்துக் கேட்டால் எல்லோரும் ‘நல்லாருக்குங்க’ என்பார்கள். பழையதில் தொல்லை கேட்டால் கொட்டுவார்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள். முதலாளி இருக்கும்போது மோல்டர் பேச மாட்டார்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் பல துறை சேர்ந்த சி.எஃப்.டி. குழு இருக்கிறது. ஒவ்வொரு புதன்கிழமையும் கூட்டம், கையெழுத்து, மினிட்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. ஆடிட்டுக்காக நடத்துகிறோம். குழுவாக வேலை செய்வது நம்மவர்களுக்கு வராது. எப்படிச் சரிசெய்வது? (தரக் கட்டுப்பாட்டுத் துறை, ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: உங்கள் எஃப்.எம்.இ.ஏ.வைத் திறந்து, மேலே தலைப்பில் பழைய பொருளின் பெயர் இன்னும் இருக்கிறதா பாருங்கள். ‘என்னவெல்லாம் கெட்டுப்போகக்கூடும்’ என்று எல்லோரும் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டிய காகிதம் அது. நான் பார்த்த ஒன்றில், பிளாஸ்டிக் பாகத்தின் காகிதத்தில் ‘துரு பிடிக்கலாம்’ என்று இருந்தது. இரண்டு ஆடிட்டர்கள் அதில் டிக் போட்டிருந்தார்கள்.

வாய் திறக்காததற்குக் காரணம் கூச்சமில்லை. அந்தக் கூட்டத்துக்குக் கொள்முதலிலிருந்து யார் வருகிறார்? போன மாதம் சேர்ந்த டிரெயினியா? அவர் ‘கேட்டுச் சொல்றேன் சார்’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியாது. சரி, மூத்தவரே வருகிறார் என்று வையுங்கள். அவருக்கு இன்கிரிமென்ட் போடுவது யார்? கொள்முதல் துறைத் தலைவர். போல்ட்டை இரண்டு ரூபாய் குறைவாக வாங்கினால் அவருக்கு நல்ல பெயர். அதனால் அசெம்பிளியில் ஐந்து ரூபாய் செலவு ஏறினால் அது வேறு துறையின் கணக்கு. கூட்டத்தில் குழு, சம்பளத்தில் துறை. வாய் எந்தப் பக்கம் பேசும்?

அமெரிக்கக் கார் கம்பெனி கிறைஸ்லர் இதைத்தான் பிடித்தது. 1990களின் தொடக்கத்தில் துறைகளை உடைத்து, வண்டி வாரியாகப் பெரிய குழுக்களாக்கி, எல்லோரையும் ஒரே கட்டடத்தில் உட்கார வைத்தார்கள். அவ்வளவு உங்களால் முடியாது, தெரியும். ஆனால் வருட மதிப்பீட்டில் ஒரு பங்கைப் பிராஜெக்ட் தலைவர் எழுத வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். கால் பங்கு கிடைத்தாலும் புதன்கிழமை சத்தம் வரும்.

அதுவரைக்கும், கூட்டத்தை ஏசி அறையிலிருந்து லைனுக்கு மாற்றுங்கள். திரையில் காட்டும் ஸ்லைடு வேண்டாம், பாகத்தை மேஜையில் வையுங்கள். மினிட்ஸில் ஒரே ஒரு வரி கட்டாயம்: இன்றைய கூட்டத்தால் டிராயிங்கில் எது மாறியது? மூன்று வாரம் தொடர்ந்து ‘எதுவுமில்லை’ என்று எழுத வேண்டிவந்தால், யாருக்காவது வெட்கம் வரும்.

குழுவாக வேலை செய்வது நம்மவர்களுக்கு வராது என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பெனி முழுவதும் சேர்ந்து தரத்தை உயர்த்துவதற்கு ஜப்பானில் தரும் டெமிங் பரிசை 1998இல் வாங்கிய முதல் இந்தியக் கம்பெனி, சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு.

கேள்வி: பிரஸ் கம்போனன்ட் செய்யும் சிறு தொழில் எனக்கு. பெரிய கம்பெனி டிசைன் நிலையிலேயே கூப்பிட்டு யோசனை கேட்கிறார்கள். மூன்று பாகத்தை ஒன்றாக்கும் வழியைச் சொன்னேன். ‘சூப்பர்’ என்றார்கள். அப்புறம் என் யோசனையையே டிராயிங்காக்கி நாலு பேரிடம் கொட்டேஷன் கேட்டு, குறைந்த விலைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். இதுவா டீம் ஒர்க்? (சப்ளையர், அம்பத்தூர்)

பதில்: இல்லை. இது உங்கள் மூளையை இலவசமாக வாங்கிக்கொண்டது. எனக்கும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே காரியத்தை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அன்று வாய் திறக்கவில்லை.

சப்ளையரை முதலிலேயே கூப்பிடுவது, கடைசியில் குறைந்த விலைக்கு ஏலம் விடுவது, இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. மறுபடியும் கிறைஸ்லர்தான் நினைவுக்கு வருகிறது. 1989இல் ‘ஸ்கோர்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சப்ளையரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிடுவார்கள், ஏலம் கிடையாது. செலவு குறைக்கும் யோசனை கொடுத்தால் மிச்சமாவதில் சப்ளையருக்கும் பங்கு. 1995 முடிவதற்குள் 5,300 யோசனைகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பிறகு 1998இல் ஜெர்மனியின் டைம்லருடன் இணைப்பு, நஷ்டம். 2000 டிசம்பரில் எல்லாச் சப்ளையரும் உடனே 5 சதவீதம் விலை குறைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பத்து வருடம் சேர்த்த நம்பிக்கை. அதற்குப் பிறகு எந்தச் சப்ளையர் மனதிலிருப்பதைச் சொல்லுவான்?

நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். யோசனையைச் சொல்லும் முன் டூல் ஆர்டரோ, குறைந்தபட்சம் இன்ன பாகம் உங்களுக்கு என்று ஒரு கடிதமோ கேளுங்கள். தர மாட்டோம் என்றால் ‘ஒன்றாக்க முடியும்’ என்று மட்டும் சொல்லுங்கள், எப்படி என்பதைச் சொல்லாதீர்கள். டெவலப்மென்ட் சார்ஜ் என்று தனியாக பில் போடுங்கள். பாதி பேர் தருவார்கள், தராதவர்கள் யார் என்றாவது தெரிந்துவிடும். இதனால் ஒன்றிரண்டு கஸ்டமர் போகலாம். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல விரும்பவில்லை.

கேள்வி: அசெம்பிளி லைனில் பதினாறு வருடமாக இருக்கிறேன். புது மாடலில் ஒரு போல்ட்டை நட் ரன்னர் என்ற பவர் டூல் வைத்து முடுக்க முடியவில்லை, பக்கத்து ரிப்பில், அதாவது பாகத்தின் மேடான விளிம்பில், சாக்கெட் இடிக்கிறது. கையால் ஸ்பானர் போட்டு முடுக்குகிறோம். டிசைன் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். ஆனால் எல்லாம் இங்கிலீஷில். புரிகிறது, பேச வராது. சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். (லைன் ஆபரேட்டர், ஒரகடம்)

பதில்: நீங்கள் தமிழில் பேசுங்கள். அறையில் இருக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அது வீட்டு மொழிதான். மீதி இரண்டு பேருக்கு அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன்: ஆபரேட்டரைக் கூப்பிட்டுவிட்டு இங்கிலீஷில் பேசினால், கூப்பிடாததற்குச் சமம்.

ஓசூரில் நான் இருந்த இடத்துக்கு ஒரு ஜப்பானிய டை நிபுணர் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. முதல் பதிலில் சொன்னேனே, அந்த ஃபோர்மேனும் அதற்குள் எங்களோடு ஓசூருக்கு வந்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் அறவே வராது. டிரான்ஸ்லேட்டர் மதியம் வரைக்கும் வரவில்லை. இரண்டு பேரும் டூல் ரூம் தரையில் குந்தி உட்கார்ந்து சாக்பீஸால் வரைய ஆரம்பித்தார்கள். இவர் வரைவார், அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று வரைவார், இவர் அதில் பாதியைக் கையால் அழிப்பார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது தரை முழுக்கப் படம். டிரான்ஸ்லேட்டர் வந்து “என்ன பேசினீங்க?” என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி, சும்மா இருங்கள் என்று சைகை காட்டினார்கள்.

உங்கள் போல்ட் விஷயம். கம்ப்யூட்டர் படத்தில் போல்ட் இருக்கும், ரிப் இருக்கும், இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். அந்தப் படத்தில் சாக்கெட்டும் இல்லை, உங்கள் கையும் இல்லை. எம் 8 போல்ட்டின் தலை 13 மில்லி. டிசைன்காரர் அதைப் பார்த்துத்தான் இடம் விட்டிருப்பார். ஆனால் பவர் டூலில் போடும் இம்பாக்ட் சாக்கெட்டின் சுவர் தடிமனானது, சாதாரண சாக்கெட்டைவிட வெளிவிட்டம் நன்றாகவே பெரிது. அடுத்த கூட்டத்துக்குச் சாக்கெட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வெர்னியரும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவிட்டத்தை அளந்து காட்டிவிட்டு, பாகத்தில் சாக்கெட்டை வைத்து இடிக்க வையுங்கள். ரிப்பை நகர்த்த முடியுமா, முடியாவிட்டால் போல்ட்டை உள்ளறுகோணத் தலை போல்ட்டாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஆலன் பிட் தலைக்கு உள்ளேயே போய்விடும், பக்கத்தில் இடம் கேட்காது.

கூடவே இன்னொன்றையும் பார்த்துவையுங்கள். உங்கள் ஸ்டேஷனில் மொத்தம் எத்தனை சைஸ் போல்ட், எத்தனை தடவை சாக்கெட் மாற்றுகிறீர்கள்? டாரஸ் காருக்கு யோசனை சொன்ன ஃபோர்டு தொழிலாளிகளில் ஒருவர், எல்லாப் போல்ட்டுக்கும் தலை ஒரே அளவில் இருந்தால் ஸ்பானரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாமே என்றார். ஒரு ஷிப்ட் முழுக்க எண்ணி எழுதி வைத்திருங்கள். அந்தக் கணக்கை எனக்கும் ஒரு கார்டில் அனுப்புங்கள்.